குடத்துக்குள் போகாத பெயர்கள்

நம் வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளிலிருந்து பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள்.

அதில் இரண்டு விதிகள் முக்கியமானவை. முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை எழுதக்கூடாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சொந்தக்காரர்கள் பெயரும் கூடாது. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மைத்துனர், மாமனார், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது.

2015-ல் சென் அவின், டேவிட் பெலெக் முதலிய ஆய்வாளர்கள் மனிதத் தொடர்புகளைக் கணித மாதிரியாக்கி, பெண்கள் ஏன் மேலே வர முடிவதில்லை என்று பார்த்தார்கள். மூன்று காரணங்கள் கிடைத்தன. உள்ளே வரும் பெண்கள் குறைவு. ஏற்கெனவே செல்வாக்கு உள்ளவரிடமே புதியவர்களும் போய்ச் சேர்கிறார்கள். ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்று இனம் இனத்தோடு சேர்கிறது. மூன்றும் கூடினால், யாரும் திட்டமிடாமலே உச்சியில் பெண்கள் அருகிப்போகிறார்கள். அந்த மாதிரியில் ஒன்றை நீக்கினாலும் தடை உருவாவதில்லை.

உத்திரமேரூர்ச் சபையார் செல்வாக்கு ஓரிடத்தில் சேர்வதை 3 ஆண்டு விதியால் தடுத்தார்கள். தவறு செய்தவனின் உறவு வலையையும் வெட்டினார்கள். ஆனால் நிலமும் வேதக் கல்வியும் தகுதி என்ற அந்த பிராமண சபையில் பெண் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. அந்த உறவுப் பட்டியலில் பலர் அம்மா, அத்தை, அக்காள், மனைவி, மகள் வழியாகத்தான் கணக்கிடப்படுகிறார்கள். வலையின் முடிச்சுகள் பலவும் பெண். ஓலையில் மட்டும் ஆண்.

அந்தக் குறையைச் சட்டம் சரிசெய்ய ஆயிரம் ஆண்டுக்கு மேலானது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக்கியது. 2021 அக்டோபரில் நம் மாவட்டத்து ஊராட்சித் தேர்தல் அப்படித்தான் நடந்தது.

மற்ற இரண்டு காரணங்கள் இன்னும் இருக்கின்றன. பல ஊர்களில் கையெழுத்து தலைவியுடையது. ஒப்பந்தக்காரரும் ஊர்ப் பெரியவர்களும் பேசுவது அவர் வீட்டுக்காரரிடம். நாற்காலி கிடைத்தும் தொடர்பு கிடைக்கவில்லை. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பெண்களுக்கென்று ஒரு வலையைப் பின்னின. நம் பங்கும் ஒன்று உண்டு. அடுத்த முறை குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், தலைவரின் கணவரை அல்ல, தலைவரையே கூப்பிடுவோம்.