உண்ணி சொன்ன உண்மை

1868. டெக்சாஸ் மாடுகளை மிசிசிப்பி ஆற்று வழியா படகுல ஏத்தி இல்லினாய்ஸ் பக்கம் இறக்கினாங்க. வந்த மாடெல்லாம் ஜம்முனு இருந்தது. ஆனா அதே புல்வெளியில மேய்ந்த உள்ளூர் மாடுகளுக்குச் சில வாரம் கழிச்சு காய்ச்சல், சிவப்பா மூத்திரம், அப்புறம் சாவு. இல்லினாய்ஸ், இண்டியானா பக்கம் மட்டும் சுமார் 15,000 மாடுகள் போச்சு. நாலு மாட்டை நம்பிப் பிழைத்தவன் கதி என்ன?

"உண்ணிதான் காரணம்"னு மாடு வளர்க்கிறவங்க சில பேர் அப்பவே சொன்னாங்க. நிபுணர்கள் காதுல வாங்கலை. ஜான் கேம்ஜி என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் அதை அபத்தம்னே ஒதுக்கினார்.

1889ல் அமெரிக்க அரசின் கால்நடைத் துறையில் இருந்த தியோபால்ட் ஸ்மித், நோயாளி மாட்டின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்குள்ளே ஜோடி ஜோடியா பேரிக்காய் வடிவத்துல கிருமிகள்! (இன்றைய பெயர் பபேசியா பைஜெமினா.) ருமேனியாவில் விக்டர் பாபெஷ் 1888லேயே இந்த இனத்தைப் பார்த்திருந்தார். பெயர் வந்தது அவரால்தான்.

சரி, அது உள்ளே போனது எப்படி? ஸ்மித்தின் கூட்டாளி கில்போர்ன் செய்தது, நம்ம பாஷையில சொன்னா, சுத்தமான டீபக்கிங். ஒரு வயல்ல உண்ணியோட தெற்கத்தி மாடு. இன்னொண்ணுல உண்ணியைக் கையால பொறுக்கி எடுத்த மாடு. மூணாவதுல மாடே இல்லை, புல்லுல வெறும் உண்ணி. முதல் வயலிலும் மூணாவதிலும் விட்ட வடக்கத்தி மாடுகளுக்கு நோய் வந்தது. இரண்டாவதில் வரலை. மறுவருஷம் ஆய்வகத்தில் பொரித்த உண்ணிக் குஞ்சுகளை மாட்டின் மேல் விட்டார்கள். அதற்கும் நோய்! தாய் உண்ணி குடித்த ரத்தத்திலிருந்த கிருமி, முட்டை வழியா குஞ்சுக்குப் போயிருக்கு. அந்தச் சில வார இடைவெளிக்கு விடை அதுதான்.

1893ல் அறிக்கை வந்தது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தது அதுக்கு 4 வருஷம் கழிச்சுதான். உண்ணியின் வாழ்க்கையை ஆராய்ந்த கூப்பர் கர்ட்டிஸ் பெயர் அறிக்கையின் ஆசிரியர் வரிசையில் இல்லை. ஹும்!

1906ல் தொடங்கின உண்ணி ஒழிப்பு, 1943ல் மெக்சிகோ எல்லைப் பகுதி தவிர முடிந்தது.

தெற்கத்தி மாடு ஏன் சாகலை? கன்னுலேயே லேசா வந்து எதிர்ப்புசக்தி கிடைச்சுடும். கிருமி மட்டும் கொஞ்சமா ரத்தத்துல தங்கிடும். அவ்வளவு கொஞ்சம்னா மைக்ராஸ்கோப்புக்குத் தப்பிடும். இப்போ பிசிஆர் சோதனை அதன் டிஎன்ஏவைப் பிடிச்சுடுது. ஆக, மாடு நல்லா இருக்குங்கிறதால ரத்தம் சுத்தம்னு அர்த்தமில்லை. அதே மாதிரி, படிக்காதவன் சொல்றதால அது பொய்னும் அர்த்தமில்லை. என்ன சொல்றீங்க மக்களே?