மின்சுற்றின் மரண ஓலம்

கலை மனித உழைப்பிலே பிறப்பது என்று நாம் கூறுகின்றோம். அவ்வாறாயின், வாத்தியக்காரர் ஒருவரேனும் பங்குகொள்ளாத இசை கேட்போர் நெஞ்சைக் கலக்குவது எங்ஙனம்? 1956இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஃபொர்பிடன் பிளானெற்' என்னும் விஞ்ஞானக் கற்பனைப் படத்தின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1951இலேயே பேர்னாட் ஹேர்மன், வேற்றுலகக் கதையொன்றுக்குத் தெரமின் என்னும் இலத்திரன் கருவியை வாத்தியங்களுடன் சேர்த்திருந்தார். எனினும், வணிகத் திரைப்படமொன்று முற்றிலும் இலத்திரன் ஒலிகளால் இசைபெற்றது 1956இலேதான். அதனை ஆக்கியோர் நியூயோர்க்கில் வாழ்ந்த லூயி பரன், பீபி பரன் தம்பதியர். நோபேட் வீனர் 1948இல் வெளியிட்ட 'சைபர்னெற்றிக்ஸ்' நூலினால் உந்தப்பட்ட லூயி, மின்சுற்றுக்களை அமைத்து, அவை தாங்குமளவுக்கு மேல் மின்னைச் செலுத்தினார். சுற்றுக்கள் கீச்சிட்டன, முனகின, எரிந்து ஓய்ந்தன. எரிந்த சுற்றை மீண்டும் அதே குரலிற் பேசவைத்தல் இயலாது. ஒலிநாடாவிற் பதிந்ததே எஞ்சியது. அந்நாடாக்களைப் பொறுமையோடு கேட்டு, பொருளுள்ளவற்றைத் தெரிந்தெடுத்தவர் பீபி.

தொலைக் கிரகமொன்றில் வாழும் மோபியஸ் என்னும் அறிஞரின் அடிமனம், அவரறியாமலே, கண்ணுக்குப் புலனாகாத அரக்கனாகி மனிதரைக் கொல்கின்றது. இதுவே கதை. உருவமற்ற அவ்வரக்கனுக்கு ஒலியே உடல். எது கிரகத்தின் ஓசை, எது உள்ளத்தின் அச்சம் என்று பார்ப்போர் பிரித்தறியார். மோபியஸின் மரணத்தின்போது நாம் கேட்பது, உண்மையிலேயே அழிந்துகொண்டிருந்த ஒரு சுற்றின் ஓலத்தை.

ஆயினும் இவ்வாக்கத்துக்கு 'இசை' என்ற பெயர் கிட்டவில்லை. இசைவாணர் சங்கத்தின் எதிர்ப்புக்கு அஞ்சிய எம்.ஜி.எம். நிறுவனம், 'இலத்திரன் தொனிகள்' என்றே படத்திற் குறிப்பிட்டது.

சங்கத்தின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடோம். 1920களின் இறுதியில் பேசும்படம் வந்தபோது, திரையரங்குகளில் வாசித்த ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்தம் பிழைப்பைப் பறித்தது ஒலிக்கருவியன்று. மிஞ்சிய கூலியைத் தம் பையிற் போட்டுக்கொண்ட முதலாளிகளே. பெயர் மறுக்கப்பட்ட பரன் தம்பதியரும் உழைப்பாளரே. சுற்றை அமைத்த கையும் நாடாவைத் தேர்ந்த செவியும் மனிதருடையவை. அவ்வோலத்திற் சோகத்தைக் கண்டதும் அச்செவியே.

இன்று கணினிகள் இசை புனைகின்றன. இயந்திரத்துக்கு உணர்ச்சி உண்டா என்று பலர் கேட்கின்றனர். அதன் பின்னே நிற்பது எவருடைய உழைப்பு, பயன் எவரைச் சேர்கின்றது என்பனவே நாம் முதலிற் கேட்கவேண்டிய வினாக்கள்.