காந்தமுள்ளின் கோணலும் கடலோடிகளின் கணக்கும்: ஒரு திருத்தத்தின் சரித்திரம்

சேலத்திலிருந்து தர்மபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தொப்பூர்க் கணவாயைக் கடந்து மேட்டுநிலத்தில் ஏறியபின் எதிர்ப்படும் நல்லம்பள்ளியை முன்னிட்டுக்கொண்டு சமுத்திரப் பிரயாணத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியைத் தொடங்குவது, கடலலையின் ஓசையே எட்டாத அவ்வூரின் நிலையை நினைப்பவர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அப்பிரதேசத்தின் பாறைகளை அறிந்தவர் வியக்கமாட்டார். 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில், பூமியின் வெடிப்புகளின் வழியே எழுந்த உருகிய குழம்பு உறைந்து, வெளிறிய பாறைகளினூடே கரிய சுவர்களைப்போல் நெடுந்தூரம் ஓடும் டோலரைட் அணைகள் தர்மபுரி மாவட்டமெங்கும் காணப்படுகின்றன. அவற்றில் காந்தத்தன்மை கொண்ட இரும்புத் தாதுவின் நுண்மணிகள் கலந்திருக்கின்றன. கிழக்கே தீர்த்தமலையிலும் தெற்கே கஞ்சமலையிலும் அத்தாது மலையாகவே நிற்கிறது.

இத்தகைய நிலத்தில் திசைகாட்டியைக்கொண்டு அளவை செய்பவர், ஓரிடத்தினின்று மறு இடத்தை நோக்கி எடுத்த கோணத்தையும், அங்கே சென்று திரும்பி நோக்கி எடுத்த கோணத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இரண்டிற்கும் சரியாக 180 பாகை வேறுபாடு இருத்தல் வேண்டும். இல்லையேல் ஏதோ ஓரிடத்தில் பாறையோ இரும்போ முள்ளை இழுத்திருக்கிறது என்பது நிச்சயம். நில அளவையார் தல ஈர்ப்பு என்று கூறும் இப்பிழைக்கும், நடுக்கடலில் ஒரு கப்பலின் திசைகாட்டி காட்டும் பிழைக்கும் அடிப்படையான காரணம் ஒன்றே. முள்ளைச் செய்த கைவினைஞனையும் முள்ளைத் தேய்த்த காந்தக் கல்லையும் குறைகூறிக்கொண்டிருந்த கடலோடிகள், பிழை முள்ளினுடையதன்று, அதைச் சூழ்ந்துள்ள பொருள்களினுடையது என்று உணர்ந்து, அச்சூழலை அளக்கத் தொடங்கியதே திசைகாட்டித் திருத்தம் என்னும் சாஸ்திரத்தின் மெய்யான தொடக்கமாகும் என்பது எனது துணிபு.

அவ்வுணர்வு முதன்முதல் தெளிவாக வெளிப்பட்டது இந்தியாவை நோக்கி வந்த ஒரு கப்பலிலேயாம். 1538-ஆம் ஆண்டில் லிஸ்பனிலிருந்து கோவாவுக்குப் பிரயாணம் செய்த ஜோவாவோ டி காஸ்ட்ரோ என்னும் போர்த்துக்கீசியர், வழிநெடுகச் சூரியனைக்கொண்டு உண்மை வடக்கை நிர்ணயித்து, முள் காட்டும் வடக்கு அதனின்று எவ்வளவு ஒதுங்குகிறது என்பதை இடந்தோறும் குறித்து வந்தார். அவ்வாறு குறிக்கையில், திசைகாட்டியின் அருகே பீரங்கி முதலிய இரும்புப் பொருள்கள் இருந்தால் முள் தடுமாறுகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். இவ்விரண்டு பிழைகளையும் வேறுபடுத்தி அறிவது அவசியம். பூமியின் காந்தம் காரணமாக இடத்திற்கு இடம் மாறுவது காந்த ஒதுக்கம்; கப்பலிலுள்ள இரும்பு காரணமாக, கப்பலின் முகம் திரும்பும் திசைக்குத் தக்கபடி மாறுவது விலகல். முன்னதற்கு எட்மண்ட் ஹாலி 1698 முதல் 1700 வரை பாரமோர் என்னும் கப்பலில் அட்லாண்டிக் சமுத்திரத்தைச் சுற்றி அளந்து, 1701-இல் சமஒதுக்கக் கோடுகள் வரைந்த படத்தை வெளியிட்டுப் பரிகாரம் தேடினார். பின்னது அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக் காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

ஆஸ்திரேலியக் கரையை அளந்த மாத்யூ பிளிண்டர்ஸ் என்பவரே அதைக் கையிலெடுத்தவர். கப்பல் வடக்கையோ தெற்கையோ நோக்குங்கால் ஏறத்தாழ மறைந்துவிடும் பிழை, கிழக்கு மேற்காகத் திரும்புங்கால் மிகுவதையும், பூமியின் வட பாகத்தில் ஒரு பக்கமாக இழுக்கப்பட்ட முள் தென் பாகத்தில் மறுபக்கமாக இழுக்கப்படுவதையும் அவர் கண்டு, 1805-இல் வெளியிட்டார். செங்குத்தாக நிற்கும் இரும்பு, பூமியின் காந்தத்தினாலேயே தற்காலிகக் காந்தமாகிறது என்பதும், அதை எதிர்க்க மற்றொரு செங்குத்து இரும்புத் தண்டைத் திசைகாட்டியின் அருகே நிறுத்தலாம் என்பதும் அவர் கண்ட உபாயத்தின் சாரம். அத்தண்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மரக்கலங்களின் காலத்தில் இப்பிழை சகிக்கக்கூடியதாகவே இருந்தது. கப்பலே இரும்பானபோது நிலைமை மாறிற்று. 1830-ஐ ஒட்டி ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் உலைகளை நிறுவி, சேலத்துத் தாதுவை உருக்கி இங்கிலாந்துக்கும் இரும்பு அனுப்பிய அதே காலத்தில், அந்நாட்டுத் துறைகளில் இரும்புக் கப்பல்கள் உருவாகிக்கொண்டிருந்தன. 1838-இல் அரச வானநூலறிஞர் ஜார்ஜ் ஏரி, ரெயின்போ என்னும் இரும்புக் கப்பலை டெப்ட்போர்டில் திசைதோறும் திருப்பிச் சோதித்து, நிலைக்காந்தங்களையும் மெல்லிரும்பையும் திசைகாட்டியைச் சுற்றிலும் வைத்து விலகலை நீக்கிக் காட்டினார். எனினும் பொருத்திய காந்தங்களையே முழுதும் நம்பலாகாது, கட்டும்போது இரும்பில் ஏறிய காந்தம் கடலின் அலைமோதலில் மாறிவிடும் என்று வில்லியம் ஸ்கோர்ஸ்பி மறுத்தார். 1854 ஜனவரியில், டெய்லூர் என்னும் புதிய இரும்புக் கப்பல் தன் முதற்பிரயாணத்திலேயே, திசைகாட்டிகள் தவறு காட்டியமையால் வழிதவறி, அயர்லாந்துக் கரையையொட்டிய தீவில் மோதி நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டபோது, இவ்விவாதம் கல்விமான்களின் சர்ச்சையாக மட்டும் இருக்கவில்லை.

இவ்விடத்தில் தென்னிந்தியா இந்தச் சரித்திரத்தில் புகுகிறது. முள்ளைச் செங்குத்தான தளத்தில் சுழலவிட்டால், வட பாகத்தில் அதன் வடமுனை கீழ்நோக்கிச் சரியும்; தென் பாகத்தில் மேல்நோக்கி எழும்; சரிவே இல்லாத இடங்களை இணைக்கும் கோடு காந்த மத்திய ரேகை. அது நமது நாட்டின் தென்முனைப் பிரதேசத்தையொட்டிச் செல்கிறது. நிலையாக நில்லாமல் காலத்தோடு நகர்ந்தும் வருகிறது. அந்த ரேகையின்மேல் பூமிக்காந்தத்தின் செங்குத்து விசை இன்மையால், கப்பலின் புகைபோக்கி, தூண் முதலிய நிமிர்ந்த இரும்புகள் தம் தற்காலிகக் காந்தத்தை இழந்துவிடுகின்றன. கப்பல் ஒரு சுற்றுத் திரும்புகையில் பாதிச் சுற்றில் ஒரு பக்கமாகவும் மறுபாதியில் எதிர்ப்பக்கமாகவும் நிற்பது அரைவட்ட விலகல்; அங்கே எஞ்சும் அவ்விலகல் நிலைக்காந்தத்தினால் விளைந்ததே. ஆகவே பிளிண்டர்ஸ் தண்டு எவ்வளவு வேண்டும், நிலைக்காந்தம் எவ்வளவு வேண்டும் என்று பிரித்தறிய, அந்த ரேகையைக் கடக்கும் கப்பலுக்கு வேறெங்கும் கிடைக்காத சௌகரியம் வாய்க்கிறது.

அந்த ரேகை எங்கே இருக்கிறது என்பதை 1830-களின் இறுதியில் இரண்டு வானநூலறிஞர் தேடிச் சென்றனர். ஒருவர் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தின் தலைவர் தாமஸ் கிளான்வில் டெய்லர். மற்றவர் சுவாதித் திருநாள் மகாராஜா நிறுவிய திருவனந்தபுரம் கூடத்தின் ஜான் கால்டிகாட். முள்ளின் சரிவையும் விசையையும் தென்னிந்தியாவின் ஊர்கள் பலவற்றில் அளந்து அவர்கள் முடிவுகளை 1839-இல் வெளியிட்டனர். பின்னர் திருவனந்தபுரத்திற்கு வந்த ஜான் ஆலன் புரூன், 6,000 அடிக்கு மேற்பட்ட அகத்தியமலையின் உச்சியிலும் ஒரு கூடத்தை எழுப்பி, மழைக்கும் கடுங்காற்றுக்கும் இடையே உதவியாளர்கள் முள்ளின் அசைவைக் குறித்துவரச் செய்தார். தமிழில் கப்பற்கலைப் பாடநூல் எழுதுவோர் இலண்டனையும் லிவர்பூலையும் விரித்துரைத்து, இவ்வுழைப்பை ஒரு வரியிலேனும் குறிப்பிடாது விடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

திருத்தம் நடைமுறையில் எங்ஙனம் செய்யப்படுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். ஜூன் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் சென்னைக்கு நேர்கிழக்கே ஒரு கப்பல் செல்கிறது. அந்நாளில் அவ்விடத்தில் சூரியோதயம் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே, அதாவது வடக்கிலிருந்து 66 பாகையில் நிகழ வேண்டும் என்பது கணிதத்தால் பெறப்படும். திசைகாட்டியோ 70 பாகை என்கிறது. மொத்தப் பிழை 4 பாகை மேற்கு. கடற்படத்தில் குறித்துள்ள ஒதுக்கம் 1 பாகை மேற்கு என்று கொண்டால், மீதமுள்ள 3 பாகை கப்பலின் சொந்த விலகல். அதுவும் கப்பல் அப்போது நோக்கியிருந்த திசைக்கு மட்டுமே உரியது. ஒரு பாகைப் பிழை 60 கடல்மைல் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு மைல் வழிதவறச் செய்யும் என்பதை நினைத்தால், திட்டுகளும் பார்களும் நிறைந்த நமது கரையோரத்தில் இக்கணக்கின் அருமை விளங்கும். தூத்துக்குடித் தோணிகளின் தண்டல்கள் சமுக்கா என்று வழங்கிய திசைகாட்டிக்கு, மரக்கலத்தில் இருந்தமையால், இத்தகைய தொல்லை குறைவு.

ஒதுக்கம் ஆண்டுக்காண்டு மாறுவதால் அளவை ஒருமுறை செய்து முடிப்பதன்று. இந்திய நில அளவைத் துறை 1901-இல் தொடங்கிய காந்த அளவைக்குக் கொடைக்கானலும் ஓர் ஆதார நிலையமாயிற்று. பம்பாய்க் கொலாபாவிலிருந்த பழைய காந்தக் கூடம், டிராம் வண்டிகளின் மின்சாரம் முள்ளைக் கலைக்கும் என்று அஞ்சி 1904-இல் அலிபாகுக்கு மாற்றப்பட்டது. 1957-இல், சர்வதேச பூபௌதிக ஆண்டையொட்டி, அண்ணாமலைநகரில் ஒரு காந்த நிலையம் தொடங்கிற்று. ஹீத்தின் உலைகள் எரிந்த பரங்கிப்பேட்டை அங்கிருந்து கூப்பிடு தூரமென்றே சொல்லலாம்.

1876-இல் கெல்வின் பிரபு உரிமை பெற்ற திசைகாட்டிப் பீடமும், அதன் இருபுறமும் அமையும் இரும்புக் கோளங்களும் இன்றுவரை வடிவம் மாறவில்லை. காந்தமே வேண்டாத சுழல் திசைகாட்டியும் செயற்கைக்கோள் வழிகாட்டலும் வந்தபின்னரும், மின்சாரத்தை எதிர்பாராத காந்தத் திசைகாட்டி ஒன்றைப் பெருங்கப்பல்கள் தாங்கிச் செல்ல வேண்டும் என்று சர்வதேச விதி வற்புறுத்துகிறது. பெரும் பழுது பார்த்தபின்னும், நெடுநாள் ஒரே முகமாகக் கட்டிக்கிடந்தபின்னும், இடி விழுந்தபின்னும், தேர்ந்த திருத்துநர் ஒருவர் கப்பலேறி, அதைத் திசைதோறும் மெல்லத் திருப்பச் செய்து, பீடத்தினுள் காந்தத் துண்டுகளை ஏற்றியும் இறக்கியும் விலகலைக் குறைக்கிறார். எவ்வளவு முயன்றும் முற்றிலும் நீங்காது நிற்கும் மிச்சத்தை ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறார். அந்த அட்டையைச் சுக்கான் அறையில் மாட்டியபின்னரே மாலுமி முள்ளை நம்பிக் கப்பலைச் செலுத்தத் துணிகிறான்.