விடுவிப்புத் தாளில் இல்லாத காயங்கள்

முதலாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர் ஒவ்வொருவருக்கும் சேவையிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளில் ஒரு தாள் வழங்கப்பட்டது. அவர் நேர்மையாகச் சேவையாற்றி விடைபெறுகின்றார் என்பதை அதன் முன்பக்கம் கூறும். பின்பக்கத்தில் நிரப்பவேண்டிய சில தலைப்புகள் வரிசையாக இருக்கும். பங்குபற்றிய சமர்கள், பெற்ற பதக்கங்கள், சேவையில் அடைந்த காயங்கள், விடுவிக்கப்படும்போது உடல்நிலை என்பன அவற்றுட் சில. எழுதுவினைஞர் ஒருவர் நிரப்புவார். அதிகாரி ஒருவர் ஒப்பமிடுவார். சில நிமிட வேலை. ஆனால் அதன்பின் அந்த மனிதன் வேலைக்குச் சென்றாலும், கொடுப்பனவு கோரினாலும், போரில் அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லும் அதிகாரம் அவனுடைய வாயைவிட அந்தத் தாளுக்கே அதிகமாக இருந்தது.

அத்தாளில் ஒரு கட்டம் பிழையாக நிரப்பப்பட்டால், அல்லது நிரப்பப்படாமலே விடப்பட்டால், என்ன நேரும்? ஹென்றி ஜோன்சன் என்ற கறுப்பினப் படைவீரரின் கதை இக்கேள்விக்கு விடை தருகின்றது.

வட கரோலினாவில் பிறந்து, இளவயதில் நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகருக்கு வந்தவர் ஜோன்சன். அங்கு புகையிரத நிலையத்தில் பயணிகளின் பொதி சுமந்து பிழைத்தார். 1917 ஜூனில் நியூயோர்க் தேசியக் காவற்படையின் 15ஆவது காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். முற்றிலும் கறுப்பினத்தவரைச் சிப்பாய்களாகக் கொண்ட அப்பிரிவே பின்னர் 369ஆவது காலாட்படைப் பிரிவு எனப் பெயர் மாற்றப்பட்டது. பிரான்ஸ் சென்றடைந்த அவர்களுக்கு முதலிற் கிடைத்தது துறைமுக வேலையும் கூலி வேலையுமே. வெள்ளையரும் கறுப்பரும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டிருந்த அமெரிக்க இராணுவத்தின் தலைமை, இறுதியில் அவர்களைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது. பிரெஞ்சுத் தலைக்கவசமும் பிரெஞ்சுத் துப்பாக்கியும் தரித்தே அவர்கள் போர்முனைக்குச் சென்றனர்.

1918 மே 14ஆம் திகதி இரவு கழிந்து 15ஆம் திகதி புலர்வதற்கு முன், ஆர்கோன் காட்டின் ஓரத்தில் ஜோன்சனும் நீடம் ரொபேர்ட்ஸ் என்ற இளைஞரும் காவலில் இருந்தனர். பன்னிருவருக்குக் குறையாத ஜேர்மன் படையணி ஒன்று அவர்களைத் தாக்கியது. ரொபேர்ட்ஸ் படுகாயமுற்றார். ஜோன்சன் பிரெஞ்சுத் துப்பாக்கியில் அமெரிக்கத் தோட்டாக்களைச் செருகவே அது இறுகி நின்றுவிட்டது. துப்பாக்கியின் பிடியைத் தடியாகக் கொண்டு அடித்தார். அதுவும் சிதறியபின் போலோ எனப்படும் கனத்த கத்தியை உருவினார். ரொபேர்ட்ஸைக் கைதியாக இழுத்துச் செல்ல முயன்றவர்களை வெட்டி வீழ்த்தி அவரை மீட்டார். எதிரிகள் பின்வாங்கியபோது ஜோன்சனின் உடலில் 21 காயங்கள் இருந்தன.

பிரெஞ்சு அரசு அவருக்குத் தங்கப் பனையோலைச் சின்னத்துடன் போர்ச்சிலுவை விருதை வழங்கியது. அமெரிக்கப் பத்திரிகைகள் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. 1919 பெப்ரவரி 17ஆம் திகதி நியூயோர்க்கின் ஐந்தாவது அவெனியூவில் 369ஆவது பிரிவு அணிவகுத்தபோது ஜோன்சன் திறந்த காரில் அழைத்துச் செல்லப்பட்டார். படைக்கு ஆட்சேர்க்கவும் போர் முத்திரைகளை விற்கவும் அரசாங்கம் அவரது படத்தைப் பயன்படுத்தியது.

ஆனால் அவர் பெற்ற விடுவிப்புப் பதிவில் அந்தக் காயங்கள் பற்றிய குறிப்பே இல்லை! விளம்பரத் தாளில் இருந்த வீரன், கோவையில் இருக்கவில்லை. காலும் பாதமும் சிதைந்திருந்ததால் பழையபடி பொதி சுமக்க இயலவில்லை. காயத்துக்கான இயலாமைக் கொடுப்பனவும் கிட்டவில்லை. 1919இல் சென் லூயிஸ் நகரில் ஆற்றிய உரையில், கறுப்பினச் சிப்பாய்கள் அனுபவித்த இழிவை அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் மேடைகளும் அவரைக் கைவிட்டன. குடும்பம் பிரிந்தது. 1929 ஜூலை 1ஆம் திகதி, நாற்பது வயதை எட்டாத நிலையில், வொஷிங்டனில் இறந்தார்.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிதானிக்க வேண்டும். ஜோன்சனின் கதையைத் திருப்பித் திருப்பிச் சொன்னவர்கள் அதில் வேறு பிழைகளையும் ஏற்றிவிட்டனர். காயமுற்ற வீரர்களுக்குரிய 'பேர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் அவருக்கு வாழ்நாளில் மறுக்கப்பட்டதாக எழுதுவார்கள். அப்பதக்கம் இன்றைய வடிவில் ஏற்படுத்தப்பட்டது 1932இல்; அவர் இறந்து மூன்று ஆண்டுகளின் பின். அரசிடமிருந்து சதமும் பெறாமல் மடிந்தார் என்பதும் முழு உண்மையன்று. 1927இல் காசநோயின் பேரில் அவருக்கு முழு இயலாமை ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதைப் படைவீரர் பணியகத்தின் ஆவணங்கள் காட்டுகின்றன. நோயை ஏற்றுக்கொண்ட அலுவலகத்துக்கு 21 காயங்கள் மட்டும் தெரியவில்லை.

அவர் அல்பனியில் அநாதைப் பிணமாகப் புதைக்கப்பட்டார் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவேடுகளைத் தேடியவர்கள், ஆர்லிங்டன் தேசிய மயானத்திலே உரிய இராணுவ மரியாதையுடன் அவர் அடக்கம் செய்யப்பட்டிருந்ததைக் கண்டனர். பெயர் 'வில்லியம் ஹென்றி ஜோன்சன்' என முழுமையாக எழுதப்பட்டிருந்தது. ஒரு பதிவு மறைத்ததை இன்னொரு பதிவு பேணி வைத்திருந்தது.

திருத்தம் தவணை முறையில் வந்தது. 1996இல் 'பேர்ப்பிள் ஹார்ட்' வழங்கப்பட்டது. 2002இல் இராணுவத்தின் இரண்டாவது உயர்ந்த விருதான சிறப்புச் சேவைச் சிலுவை கிடைத்தது. அதியுயர் விருதான கௌரவப் பதக்கத்துக்கு அக்காலத்தைச் சேர்ந்த போதிய ஆவணச் சான்று இல்லை என்பதே தடையாகக் கூறப்பட்டது. 2011ஆம் ஆண்டளவில் நியூயோர்க் செனற்றர் சார்ள்ஸ் ஷூமரின் அலுவலகத்தினர் இணையத்தில் தேடியபோது, தளபதி ஜோன் பேர்ஷிங் 1918 மே மாதத்திலேயே விடுத்த அறிக்கை ஒன்று கண்ணில் பட்டது. இரு கறுப்பினக் காவலர்களின் செயலை அது விவரித்தது. வீரச்செயல் நிகழ்ந்து சில ஆண்டுகளுக்குள் விருது வழங்கப்படவேண்டும் என்ற சட்ட வரம்பைக் காங்கிரஸ் 2014இல் அவர் பொருட்டுத் தளர்த்தியது. 2015 ஜூன் 2ஆம் திகதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி பராக் ஒபாமா கௌரவப் பதக்கத்தை வழங்கினார். சமர் நடந்து 97 ஆண்டுகள் கடந்திருந்தன.

அதனைப் பெற்றுக்கொள்ள உறவினர் எவரும் இருக்கவில்லை. தம்மை ஜோன்சனின் மகன் என நம்பி இவ்விருதுக்காகப் பாடுபட்ட முதியவர் முன்னரே காலமாகியிருந்தார். அவரும் இரண்டாம் உலகப் போரில் பணிபுரிந்த படையினர். ஜோன்சனுக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை என்பதை இராணுவம் நடத்திய வம்சாவளி ஆய்வு விருது விழாவுக்கு முன் காட்டியது. தேசியக் காவற்படையின் சார்ஜன்ட் ஒருவர் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். ஆவணங்களைச் சரியாகப் படிக்கத் தொடங்கினால் அவை யாருடைய மனத்தையும் பார்ப்பதில்லை.

ஜோன்சன் புகழ்பெற்றவர். அவருக்காக ஒரு நகரமே பேசியது. செனற்றர் ஒருவர் துணைநின்றார். பெயர் தெரியாத சாதாரண சிப்பாயின் கதி யாது?

1946 வரை அமெரிக்காவில் இராணுவப் பதிவொன்றைத் திருத்துவதற்குக் காங்கிரஸில் தனிநபர் சட்டமூலம் கொண்டுவருவதே பெரும்பாலும் வழியாக இருந்தது. அந்தச் சுமை தாங்காமலே, அவ்வாண்டு நிறைவேறிய சட்டம் ஒன்றின் மூலம், சிவிலியர்களைக் கொண்ட திருத்தச் சபைகளுக்கு இவ்வதிகாரம் மாற்றப்பட்டது. பிழையைக் கண்டறிந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதியின் பொருட்டுச் சபை அக்காலவரையறையைத் தளர்த்தலாம். ஆனால் அலுவலகம் முறைப்படியே கடமையாற்றியது என்ற அனுமானத்துடன்தான் சபை கோவையைத் திறக்கின்றது. தாள் சரியென்று கொள்ளப்படும். அது பிழை என்று காட்டவேண்டியவர் விண்ணப்பதாரியே. கட்டளைப் பத்திரம் இருந்தாற் போதும். பத்திரிகை நறுக்கு ஒன்று கட்டளைப் பத்திரத்தின் இடத்தை நிரப்பாது. செய்தித் தொழிலில் உள்ள எம்மைப் போன்றோர் மனங்கொள்ளவேண்டிய விடயம் இது.

விடுபடல்கள் எல்லாம் பாரபட்சத்தின் விளைவும் அல்ல. விருதுக் கட்டளைகள் மெதுவாக நகர்பவை. வியட்நாம் போரில் பணியாற்றிய இராணுவப் பிரிவுகளுக்கு அந்நாட்டு அரசின் வீரச்சிலுவை அலகு விருது உரித்தென அறிவிக்கும் பொதுக் கட்டளை 1974இலேயே வெளியாயிற்று. 1968இல் வீடு திரும்பியவரின் தாளில் அது எவ்வாறு இருக்கும்? இவ்வகைப் பிழைகளைச் சபை வரை கொண்டுசெல்லாமல் நிர்வாக முறையிலேயே திருத்தலாம். மூலத் தாளை அழிக்காமல், திருத்தம் கூறும் இணைப்புத் தாள் ஒன்று வழங்கப்படும்.

இவ்வளவுக்கும் கோவை இருக்கவேண்டும். 1973 ஜூலை 12ஆம் திகதி நள்ளிரவு கடந்து, சென் லூயிஸின் புறநகரில் அமைந்திருந்த தேசிய ஆளணிப் பதிவேட்டு நிலையத்தின் ஆறாம் மாடியில் தீப்பற்றியது. அம்மாடியில் தானியங்கி நீர்தெளிப்பு வசதி இருக்கவில்லை. தீ முற்றாக அணைய நான்கு நாட்களுக்கு மேலாயின. 160 முதல் 180 இலட்சம் வரையான கோவைகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோவைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. அவற்றுக்குப் பிரதிகளோ, நுண்படங்களோ, முழுமையான பெயர்ப்பட்டியலோ இருக்கவில்லை. எந்தெந்தக் கோவை எரிந்தது என்பதைக்கூட யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. தீயின் காரணமும் ஐயமற நிறுவப்படவில்லை.

எனவே கொரியாவிலோ பிரான்ஸிலோ நின்ற ஒருவர், தாம் அங்கு நின்றதையே நிறுவவேண்டியவரானார். அதற்கு வழிகளும் கண்டறியப்பட்டன. இறுதிச் சம்பளச் சிட்டைகள் வேறிடத்தில் எஞ்சியிருந்தன; சேவைக்கு வந்த நாளும் விலகிய நாளும் அவற்றிலிருந்து தெரியும். ஒவ்வொரு படைப்பிரிவும் அனுப்பிய காலை அறிக்கைகள், யார் வந்தார், யார் வைத்தியசாலைக்குச் சென்றார் என்பதைச் சொல்லும். முதலாம் உலகப் போர்க்காலத்துத் துருப்புக் கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள், கடல் கடந்தவரின் பெயரைச் சொல்லும். 1988இல் இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் காலத்து இராணுவ வைத்தியசாலை அனுமதிகளைப் பதிந்த கணினி நாடாக்களும் கிடைத்தன. காயமுற்ற பலருக்கு அவை கைகொடுத்தன. தண்ணீரில் நனைந்தும் ஓரம் கருகியும் மீட்கப்பட்ட சுமார் 65 இலட்சம் பதிவுகளில் இன்றும் தேடுதல் நடக்கின்றது.

ஒரு படைவீரனைப் பற்றி அரசு ஒரேயொரு தாளில் மட்டும் எழுதுவதில்லை. சம்பளம் கொடுத்தவனும், கப்பலில் ஏற்றியவனும், காயத்துக்குக் கட்டுப் போட்டவனும் தத்தம் ஏட்டில் எழுதுகின்றனர். அந்த ஏடுகளைத் தேடிப் பொருத்தும் பொறுப்பு மட்டும், வயோதிபத்தில், அந்த வீரனின் தலையில் விழுகின்றது. ஏடுகள் அனைத்தும் அரசின் கையில் இருக்கையில், சான்று கொண்டுவா என்று தனிமனிதனிடம் கேட்பது எந்த வகையில் நியாயம்? தேடும் கடமை, தாளை நிரப்பிய அலுவலகத்துக்கே உரியது. பேர்ஷிங்கின் அறிக்கை ஜோன்சன் உயிரோடிருந்த பத்தாண்டுகளும் அரசின் கையில் இருந்தது.

2023இல் லூசியானா மாநிலத்தின் போல்க் இராணுவ முகாமுக்கு ஜோன்சனின் பெயர் சூட்டப்பட்டது. 2025இல் அப்பெயர் நீக்கப்பட்டு முகாம் மீண்டும் போல்க் என்றே அழைக்கப்படலாயிற்று. பெயர்ப்பலகைகளை ஆட்சியாளர் மாற்றலாம். ஜோன்சனின் சேவைப் பதிவில் இப்போது அவரது காயங்களும் அமெரிக்க விருதுகளும் இருக்கின்றன. 1919இல் ஓர் எழுதுவினைஞர் சில நிமிடங்களில் எழுதியிருக்கவேண்டிய வரிகள் அவை.