பட்டியலை எழுதியவர் யார்?

நாப்ஸ்டர் 1999இல் பிறந்து, 2001இல் நீதிமன்ற ஆணையால் முடங்கியது. அதன் பிறகு பாவனையாளர்களின் கணனிகள், நடுவில் ஒரு நிறுவனத்தின் துணையின்றி ஒன்றோடொன்று நேரடியாகவே கோப்புகளைப் பரிமாறத் தொடங்கின. முடக்குவதற்கு நிறுவனம் இல்லாதபோது வழக்கு தனிமனிதர்களைத் தேடிச் சென்றது. 2003 செப்டம்பரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் 261 பேர் மீது ஒரே நாளில் வழக்குத் தொடுத்தன.

ஆட்களைக் கண்டுபிடித்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கோப்பைப் பகிரும் கூட்டத்தில் தானும் ஒருவராகச் சேர்ந்துகொண்டால் மற்றவர்களின் ஐ.பி. முகவரிகள் வரிசையாகத் தெரியும். அவற்றைக் குறித்துக்கொண்டு, இணைய இணைப்பை வழங்கும் நிறுவனத்திடம் சட்டப்படி பெயரைக் கேட்டால் போதும்.

இதற்கு எதிராக எழுந்ததே 'பியர் கார்டியன்' என்ற மென்பொருள். வேவு பார்ப்போருடையவை எனச் சந்தேகிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து வரும் தொடர்புகளை அது மறுத்துவிடும். 2009இல் 'பியர் புளொக்' அதன் வாரிசாக வந்தது. கல்முனைப் பக்கத்து இணைய நிலையங்களில் தமிழ்ப் பாடல்களைத் தரவிறக்கி இறுவட்டில் பதிந்து கொடுத்த இளைஞர்கள் சிலர் இத்தகைய மென்பொருளைத் தாயத்துப் போல நம்பியிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

தாயத்தின் பலம் எவ்வளவு? பட்டியல் இல்லாதவர் வேவுகாரர் என ஐயுறப்படும் முகவரி ஒன்றையேனும் சந்திக்காமல் தப்ப முடியாது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். பட்டியல்களில் விடுபட்ட வேவுகாரர்களும் உண்டு, தவறாகச் சேர்க்கப்பட்ட அப்பாவிகளும் உண்டு என்று 2012இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அதைவிட முக்கியமான குறை ஒன்று இருந்தது. இந்த மென்பொருள் கதவைச் சாத்தியதே தவிர, வீட்டு இலக்கத்தை மறைக்கவில்லை. கூட்டத்தின் பதிவேட்டில் உங்கள் முகவரி இருந்துகொண்டே இருந்தது. பட்டியலைத் தொகுத்தவர்கள் யார், ஒரு முகவரியை எந்த ஆதாரத்தில் சேர்த்தார்கள் என்பதைப் பெரும்பாலான பாவனையாளர்கள் கேட்கவுமில்லை.

இலங்கையில் அந்தக் கேள்விக்கு வேறொரு கனம் உண்டு. இங்கே தடைப் பட்டியல் அரசின் கையில் இருந்தது. 2007 ஜூனில் 'தமிழ்நெற்' தளம் உள்நாட்டில் தடுக்கப்பட்டது. 2011 நவம்பரில் மேலும் சில செய்தித் தளங்கள் அந்த வரிசையில் சேர்ந்தன. தனியார் மென்பொருள் வேவுகாரரைத் தடுக்கக் கையாண்ட அதே உத்திதான். வாசகர் மட்டும் கதவின் மறுபக்கத்தில் நின்றார்.

2018 பெப்ரவரி 26 இரவு, வீரமுனை, சம்மாந்துறைக்கு மேற்கே இருக்கும் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டுத்தன்மை மாத்திரை கலந்ததாக வதந்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னபோது காரியம் கைமீறியிருந்தது. கண்டி மாவட்டத்தில் வன்முறை மூண்டு, மார்ச் 7இல் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நாடு முழுவதும் தடுக்கப்பட்டன. வதந்தி பரப்பியவனைப் போலவே, தன் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தவனும் தடுக்கப்பட்டான். வெறுப்புப் பேச்சைக் காலத்தே நீக்காத நிறுவனத்தின் பொறுப்பை இது ஈடுசெய்ததாக நான் கருதவில்லை.

மக்கள் வி.பி.என். செயலிகளுக்குத் தாவினார்கள். அவை முகவரியை மறைப்பது உண்மை. ஆனால் எங்கே போகிறோம் என்ற தடயம் இணைப்பு நிறுவனத்திடமிருந்து விலகி, வி.பி.என். நடத்துபவரின் கைக்குப் போகிறது. இலவசமாகத் தருபவர் யார், அந்தத் தடயத்தை என்ன செய்கிறார் என்பதை அப்போதும் அநேகர் விசாரிக்கவில்லை.

2022 ஏப்ரல் 3இல் சமூக ஊடகங்கள் மீண்டும் தடுக்கப்பட்டபோது, அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்ச, தாமும் வி.பி.என். வழியாகவே எழுதுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் டுவிட்டரில் அறிவித்தார். அன்று மாலைக்குள் தடை விலக்கப்பட்டது.