கூரைமேல் நட்ட கம்பி

அரசரும் போரும் உள்ள இடத்தில் மட்டுமே வரலாறு உண்டு என்று கருதுவோர் உளர். நம் வீட்டுக் கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு. திருவனந்தபுரத்தில், கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்துகளிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தினர், 1980களில் தம் கூரைகள்மேல் அலுமினியக் குழாய்களைப் பூட்டி, வானில் வந்த படத்தையும் ஒலியையும் கட்டணமின்றிப் பிடித்தனர். அக்கம்பியின் கதையை எழுதி வைக்க நம் சங்கத்தின் ஆண்டு மலரே தக்க இடம் என்று கருதுகிறோம்.

1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. தலைநகரில் கடையும் தொழிலும் உத்தியோகமும் கொண்டிருந்த தமிழரோ கேரளத்தில் நின்றனர். அந்நாளில் நம் செவிக்குத் தமிழைக் கொணர்ந்தது வானொலி. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்க, முற்றத்து மாமரத்திலிருந்து கூரை முகடுவரை ஏரியல் கம்பி கட்டுவது வழக்கம். ஆகவே வானிலிருந்து மொழியை இறக்கும் வித்தை நமக்குப் புதிதன்று.

நிற்க. இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15இல் வந்தது. திருவனந்தபுரத்தில் 1982இல் ஒளிபரப்பு ஏற்பட்டது. 1985 சனவரி 1 முதல் இங்கிருந்து மலையாள நிகழ்ச்சிகள் பிறந்தன. மலையாளம் நம்மை வாழவைத்த மண்ணின் மொழி. இந்தி நாட்டு நிகழ்ச்சிகளின் மொழி. இரண்டையும் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் நம் வீட்டுப் பாட்டிமார்க்குப் புரியும் தமிழ் அத்திரையில் ஒலித்தது அரிது. சென்னைத் தமிழ் நிகழ்ச்சிகளைத் தென்னாட்டுக்குப் பரப்பக் கொடைக்கானலில் பின்னர் கோபுரம் எழுந்தது. ஆனால் குறுக்கே மேற்கு மலைத்தொடர் நின்றமையால் அதன் அலை நம் நகரை எளிதில் எட்டுவதற்கில்லை.

இந்நிலையில் துணைக்கு வந்தது கடல். 1982 பிப்ரவரி 15இல், சப்பான் நாட்டு நன்கொடையோடு இலங்கையில் ரூபவாகினி தொடங்கியது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் நிகழ்ச்சி தந்தது. அதன் அலைபரப்பி, 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிதுருதலாகலை மலைமுடியில் நின்றது. அங்கிருந்து நம் நகரம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். நேர்கோட்டில் செல்லும் தொலைக்காட்சி அலை, பூமியின் வளைவு காரணமாக, அவ்வளவு தொலைவுக்கு இயல்பாக எட்டாது. எனினும் கடல்மேல் ஈரமும் குளிர்ச்சியும் கொண்ட காற்றடுக்கின்மீது வெம்மையும் வறட்சியும் உள்ள காற்றடுக்கு படியும்போது, அவ்விரண்டும் சேர்ந்து ஒரு குழாய்போல் அமைந்து அலையை வளைத்து நெடுந்தூரம் கொண்டுசெல்லும். தென்தமிழகக் கடற்கரை ஊர்களிலும் தென்கேரளத்திலும் இலங்கைப் படம் தெரிந்ததன் இரகசியம் இதுவே. காற்று அமைதியான நாட்களில் படம் தெளிந்ததும், மறுநாள் அது புள்ளிக்காடாய் மறைந்ததும் இதனாலேயே.

எட்டாத அலையை எட்டிப் பிடிக்கும் கருவி எப்படி அமைந்தது? நடுவில் மடித்த குழாய் ஒன்று. இதன் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி. நொடிக்கு 18 கோடி அதிர்வுள்ள அலைக்கு அலைநீளம் 1.67 மீட்டர், ஆகவே குழாய் சுமார் 83 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும். அதன் பின்னே சற்று நீண்ட குழாய் ஒன்று அலையைத் திருப்பித் தரும். முன்னே சற்றுக் குறுகிய குழாய்கள் பல, அலையை வழிகாட்டி அழைத்து வரும். முன்குழாய்கள் மிகுந்தால் பிடிப்பும் மிகும். ஆனால் திசை இம்மியும் பிசகலாகாது. இரட்டை நாடாக் கம்பி வழியே அலை வீட்டிற்குள் இறங்கும். வலுவற்ற அலைக்கு ‘பூஸ்டர்’ ஒன்றும் இடையே சேர்ப்பர்.

இவ்வமைப்பை 1926இல் சப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உடா, யாகி என்னும் இரு அறிஞர் கண்டனர். சொந்த நாட்டார் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1942இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய சப்பானியப் படையினர், ஆங்கிலேயரின் ராடார்க் குறிப்புகளில் ‘யாகி’ என்னும் சொல்லைக் கண்டு பொருள் விளங்காது திகைத்தனர்; அது தம் நாட்டவர் பெயரே என்பதைப் போர்க்கைதி ஒருவர் வாயிலாக அறிந்தனர். வீட்டிலிருக்கும் செல்வத்தின் அருமையைப் பிறர் சொல்லக் கேட்டறிவது எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

கடையில் விற்ற ஆண்டெனா விலை மிகுதி. எனவே வானொலி பழுது பார்க்கும் இளைஞர்கள் அலுமினியக் குழாயை அளந்து அறுத்து, ஆணி பூட்டி, இரும்புக் குழாயின் உச்சியில் ஏற்றினர். ஒருவர் கூரையில் நின்று குழாயைத் திருப்புவார். மற்றொருவர் பெட்டியின்முன் அமர்ந்து குரல் கொடுப்பார். “அண்ணாச்சி, தெரியுதா?” என்று மேலிருந்து கேள்வி; “இன்னும் கொஞ்சம் கிழக்கே!” என்று கீழிருந்து விடை. படம் நின்றதும் தெரு முழுதும் அவ்வீட்டு முற்றத்தில் கூடும். பாயை விரித்தவருக்கும் கதவோரம் நின்றவருக்கும் ஒரே படம். நுழைவுக் கட்டணம் இல்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 1983 சூலையில் இலங்கைத் தமிழர்மீது பெருங்கொடுமை நிகழ்ந்தது. அத்தீவிலிருந்து நம் திரைக்கு வந்த தமிழோ அரசு நிறுவனம் ஒன்றின் தமிழ். அவ்வலையில் மொழி வந்தது. அம்மொழி பேசிய மக்களின் துயரம் முழுவதும் அதில் வரும் என எதிர்பார்ப்பதற்கில்லை. கேட்கும் குரல் யாருடையது என்று வினவும் பழக்கத்தையும் அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன.

1993இல் சன் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியே வந்தது. தெருவில் கேபிள் கம்பி ஓடிற்று. கூரைக் கம்பிகள் துருவேறிப் பழைய இரும்புக்காரரிடம் சென்றன. 2004இல் தூர்தர்ஷன் சிறுகிண்ண ஆண்டெனா வழியே மாதக் கட்டணமில்லாச் சேவையைத் தொடங்கியது. பழைய முறைத் தரைவழி ஒளிபரப்போ, சில எல்லைப்புற நிலையங்கள் நீங்கலாக, 2022 மார்ச்சு மாதத்தோடு ஏறக்குறைய முற்றிலும் ஓய்ந்தது.

இன்று தமிழ் நம் இல்லத்தில் இரவும் பகலும் பொழிகிறது. திசை திருப்ப ஒருவரும் கூரை ஏற வேண்டுவதில்லை. எனினும், கேட்கும் தமிழைப் படிக்கவும் எழுதவும் அறியாத பிள்ளைகள் நம்மிடையே பெருகி வருகின்றனர். அன்று அலை வலுவற்றிருந்தது. அதனைப் பிடிக்கும் ஆவல் வலுவாயிருந்தது. இன்று அலை வலுவாயிருக்கிறது. பெற்றோர் நாள்தோறும் அரைமணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் எழுத்தைக் கற்பிப்பார்களாயின், அன்று கூரையில் ஏறி நின்றோரின் உழைப்பு வீண்போகாது.