புஸ்ரா: ரோமர் அரங்கும் முஸ்லிம் கோட்டையும்

அரபுப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது நேரும் இடர்ப்பாடுகளுள் ஒன்று, இருவேறு ஊர்கள் ஓரூராகிவிடுவது. நம் மேடைகளிலும் சிற்றேடுகளிலும் ‘பஸ்ரா’ என்று வழங்கும் பெயருக்குப் பின்னால் இரண்டு நகரங்கள் நிற்கின்றன. ஒன்று, இராக்கிலுள்ள அல்-பஸரா. ஹழ்ரத் உமர் (ரழி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் படைவீடாகத் தோன்றி, ஹஸன் பஸரீ (ரஹ்) முதலான பெரியோர்களால் புகழ்பெற்றது. மற்றொன்று, சிரியாவின் தென்கோடியில் ஹவ்ரான் சமவெளியில் உள்ள புஸ்ரா. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இளமையில் அபூதாலிபுடன் சென்றதாக ஸீரா நூல்கள் குறிக்கும் ஊர் இந்தப் புஸ்ராவே. அப்போது அல்-பஸரா என்றொரு நகரம் உலகில் இல்லை. ஆனால் புஸ்ராவோ கி.மு. 14ஆம் நூற்றாண்டின் எகிப்திய அமர்னா மடல்களிலேயே பெயர் குறிக்கப்பட்ட மூதூர்.

திமிஷ்க்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், ஜோர்டான் எல்லையை அடுத்து இவ்வூர் உள்ளது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கருங்கல்லே ஹவ்ரானின் கட்டடக் கல். சுவர், கூரை, கதவு என யாவற்றையும் அக்கல்லிலேயே செய்துகொண்டனர் அப்பகுதி மக்கள். ஆதலின் புஸ்ரா முழுதும் கருநிறமானது. மழைநீர் தங்கும் வளமான கோதுமை நிலமும், அரேபியாவிலிருந்து வரும் ஒட்டக வழிகள் கூடும் இருப்பிடமும் அதன் செல்வத்துக்குக் காரணங்கள்.

அன்பாத் என்று அரபியர் அழைக்கும் நபத்தியரின் அரசில், இறுதி மன்னன் இரண்டாம் ரப்பேல் காலத்தில், பெத்ராவுக்கு நிகரான சிறப்பைப் புஸ்ரா பெற்றது. கி.பி. 106இல் ரோமப் பேரரசன் டிராஜன் அவ்வரசைத் தன் ஆட்சியோடு இணைத்து ‘அரேபியா’ என்னும் மாகாணமாக்கினான். புஸ்ரா அதன் தலைநகராயிற்று. மூன்றாம் சிரெனைக்கா என்னும் படையணி இங்கு நிலைகொண்டது. 111 முதல் 114 வரையிலான ஆண்டுகளில் புஸ்ராவிலிருந்து செங்கடல் துறையான அய்லா, அதாவது இன்றைய அகபா வரை, கல் பாவிய நெடுஞ்சாலை போடப்பட்டது. மாகாணம் தோன்றிய 106ஆம் ஆண்டையே முதலாண்டாகக் கொண்ட ஓர் ஆண்டுக்கணக்கும் வழக்கில் வந்தது. ஹவ்ரானில் பிறந்து 244 முதல் 249 வரை ரோமை ஆண்ட அரபியரான பிலிப், தன் பங்குக்கு இந்நகருக்குத் தாய்நகர் என்னும் உயர்தகுதியை அளித்தான்.

இன்று அங்குக் காணக்கிடைக்கும் ரோமச் சின்னங்கள் பல: தூண்வரிசைகள் அணிசெய்த நேர்த்தெருக்கள், மேற்கே ‘பாபுல் ஹவா’ எனப்படும் காற்று வாயில், நகர நடுவே மூன்று வளைவுகள் கொண்ட தோரணம், குளிப்பு மண்டபங்கள், பண்டங்களைச் சேமிக்க உதவிய நூறு மீட்டருக்கும் மேல் நீளமான நிலவறை, தென்கிழக்கில் பெருங்குளம். யாவற்றினும் சிறந்தது அரங்கு. இரண்டாம் நூற்றாண்டினது. கிரேக்கர் பெரும்பாலும் குன்றின் சரிவைக் குடைந்தே அரங்கின் படிகளை அமைப்பர். புஸ்ராவில் குன்று இல்லை. சமதரையில் வளைவுகளை அடுக்கி அவற்றின்மேல் முப்பத்தேழு வரிசைப் படிகளை ஏற்றியுள்ளனர். படிகளின் உச்சியைச் சுற்றிவரும் தூண்தாழ்வாரம் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருப்பது வேறெந்த ரோம அரங்கிலும் இல்லை என்பர். அது எவ்வாறு எஞ்சிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கிறித்தவம் பரவியபின் புஸ்ரா ஒரு பேராயரின் இருக்கையாயிற்று. நகரின் பேராலயத்தில் உள்ள கல்வெட்டு, மேற்கூறிய மாகாண ஆண்டுக்கணக்கில் 407ஐக் குறிக்கிறது, அஃதாவது கி.பி. 512-513. சதுரத்துக்குள் வட்டம் அமைந்த அதன் அமைப்பைக் கட்டடக் கலை வரலாற்றாசிரியர்கள் பெரிதும் போற்றுவர். அண்ணலார் பிறப்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஆலயம் இது. குறைஷியரின் கோடைக்காலப் பயணத்தில் மக்காவின் வணிகர் கண்டது இத்தகைய புஸ்ராவைத்தான். பாலைவழி முடிந்து ரோம ஆட்சியின் சுங்கமும் சந்தையும் அவர்களை முதலில் எதிர்கொண்ட பெருநகர் அதுவே. புஸ்ராவின் வாள்களை அறியாமைக் காலக் கவிஞர்களும் பாடியுள்ளனர்.

இனி நம் நூல்களில் புஸ்ரா பெறும் இடத்தைக் காண்போம். அன்னை ஆமினா அவர்கள் கருவுற்றிருந்தபோது தம்மிடமிருந்து வெளிப்பட்ட ஒளியில் ஷாமின் புஸ்ரா மாளிகைகளைக் கண்டதாக இப்னு இஸ்ஹாக் குறிக்கிறார். அதற்கடுத்த செய்தி, பஹீரா என்னும் துறவி பற்றியது. உமறுப் புலவர் இதனைச் சீறாப்புராணத்தில் ‘புகைறா கண்ட படலம்’ எனத் தனிப்படலமாகவே பாடியதால், தமிழ் முஸ்லிம்களின் நெஞ்சில் அது ஆழப் பதிந்துள்ளது.

புஸ்ராவுக்குச் செல்வோருக்கு இன்றும் ‘பஹீராவின் மடம்’ என்று ஒரு கட்டடம் காட்டப்படுகிறது. நீண்ட செவ்வக மண்டபம்; ஒரு முனையில் அரைவட்ட மாடம். ஆய்வாளர் கருத்துப்படி அது ஏறத்தாழ மூன்றாம் நூற்றாண்டில் ரோமர் எழுப்பிய பொது மண்டபம், பின்னாளில் தேவாலயமாயிற்று. பஹீராவுடன் அதனை இணைப்பதற்கு ஊர்வழக்கைத் தவிர வேறு சான்று இல்லை. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கின்றனர். தொல்பொருளாய்வு என்பது நம் மரபை ஐயுறக் கற்பிக்கும் மேனாட்டுக் கலை என்கின்றனர். ஐயுறுதலை நமக்குக் கற்பிக்க மேனாட்டார் வரவேண்டியதில்லை. இந்நிகழ்ச்சியைத் தம் ஜாமிஉவில் பதிந்த இமாம் திர்மிதீ (ரஹ்) அதனை ‘ஹஸன் கரீப்’ என்று தரம் குறித்தார். அந்த அறிவிப்பில் துறவி வருகிறார். பஹீரா என்னும் பெயரும் புஸ்ரா என்னும் ஊரும் வரவில்லை. அவ்விரண்டும் இப்னு இஸ்ஹாகின் வரலாற்றில் வருவன; அவரும் தாமே உறுதிகூறாது, பிறர் கூறுவதாகவே அச்செய்தியை உரைக்கிறார். திர்மிதீயின் அறிவிப்பு, திரும்பும் வழியில் அபூபக்ர் (ரழி) அவர்கள் பிலால் (ரழி) அவர்களை உடன் அனுப்பியதாக முடிகிறது. அபூபக்ர் அவர்களோ அண்ணலாரினும் இளையவர். பிலால் அவர்களை அவர் விலைகொடுத்து மீட்டது நபித்துவத்திற்குப் பின்னர். இம்முரணைக் கண்ட இமாம் தஹபீ (ரஹ்) அவ்வறிவிப்பைக் கடுமையாக மறுத்தார். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களோ அறிவிப்பாளர் நம்பகமானவர்களே என்றும், பிலால் பற்றிய அத்தொடர் மட்டும் இடைச்செருகலாகலாம் என்றும் கருதினார். எட்டாம் ஒன்பதாம் ஹிஜ்ரீ நூற்றாண்டுகளின் அறிஞர்கள் ஒரு சொற்றொடரை இவ்வாறு நிறுத்துப் பார்த்திருக்க, ஒரு சுவரைக் காட்டி யாரோ சொன்னதை நிறுக்காமல் ஏற்பது அவர்கள் வழியன்று.

ஊர்வழக்கை விட்டுவிட்டாலும் புஸ்ராவின் பெருமை குறைவதில்லை. ரோமப் பேரரசன் ஹெராக்ளியஸுக்கு அண்ணலார் அனுப்பிய மடல், திஹ்யத்துல் கல்பீ (ரழி) வழியாகப் புஸ்ராவின் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவர் மூலமே பேரரசனை அடைந்தது என்பது ஸஹீஹுல் புகாரீயின் தொடக்கப் பகுதியிலேயே உள்ளது. மாகாணத் தலைநகரின் வழியாகவே பேரரசனை அணுகுதல் என்னும் ரோம ஆட்சிமுறையோடு இது முற்றிலும் பொருந்துகிறது. புஸ்ராவின் தலைவருக்கே அனுப்பப்பட்ட மற்றொரு தூதர் ஹாரிஸ் இப்னு உமைர் (ரழி) வழியில் கொல்லப்பட்டதே ஹிஜ்ரீ 8ஆம் ஆண்டின் மூத்தா போருக்குக் காரணம் என்பது வாகிதீயின் கூற்று.

ஹிஜ்ரீ 13இல் (கி.பி. 634) இராக்கிலிருந்து பாலையைக் கடந்துவந்த காலித் இப்னு வலீத் (ரழி) அவர்களும் ஷாமின் பிற தளபதிகளும் புஸ்ராவை முற்றுகையிட்டனர். ஷாமில் முதலில் வசமான பெருநகர் அது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு. வயதுவந்த ஆண் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு தீனாரும் ஒரு ஜரீப் கோதுமையும் என உடன்பாடு ஏற்பட்டதாக பலாதுரீ எழுதுகிறார். இவ்வுடன்பாடு ஏட்டளவில் நின்றதா? இங்கேதான் தொல்பொருள் நமக்குத் துணைவருகிறது. இன்றைய ஜோர்டானில், மஃப்ரக் நகருக்கருகே ரிஹாப் என்னும் சிற்றூரில் பல தேவாலயங்களின் வண்ணக்கல் தளங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில், கி.பி. 635இல் புஸ்ராவின் பேராயர் தியோடோர் காலத்தில் அத்தேவாலயம் எழுந்தது எனப் பொறிக்கப்பட்டுள்ளது. புஸ்ரா முஸ்லிம்களிடம் வந்த மறு ஆண்டு! பேராயர் தம் இருக்கையில் இருக்கிறார். அவருடைய ஆளுகையில் புதிய ஆலயம் எழுகிறது. கல்வெட்டில் பழைய ரோம ஆண்டுக்கணக்கே தொடர்கிறது. எரிக்கப்பட்ட நகரத்தின் சாயல் அதில் இல்லை. வாள்முனையில் ஷாம் அழிந்தது என எழுதுவோர் இத்தளங்களைப் பார்த்ததில்லை போலும்.

நகரின் பெரிய பள்ளிவாசல் உமர் (ரழி) அவர்களின் பெயரால் ‘அல்-உமரீ’ என வழங்குகிறது. ஆய்வாளர்கள் அதனை உமய்யாக்கள் காலத்தது என்பர்; ஹிஜ்ரீ 506இல் அமீர் குமுஷ்தகீன் புதுப்பித்தார். அதன் முற்றத்தைத் தாங்குவன ரோமக் கட்டடங்களிலிருந்து கொணர்ந்த தூண்கள். ஒரே வரிசையில் கிரேக்க எழுத்துப் பொறித்த தூணும் வெறுந்தூணும் அடுத்தடுத்து நிற்கும். அதே அமீர் ஹிஜ்ரீ 530இல் (கி.பி. 1136) ஊரின் வடபகுதியில் ‘மப்ரகுந் நாகா’ என்னுமிடத்தில் ஹனஃபீ மத்ரஸா ஒன்றை நிறுவினார். ஒட்டகம் மண்டியிட்ட இடம் என்பது அப்பெயரின் பொருள். அண்ணலாரின் ஒட்டகம் என்பர் சிலர். ஷாமுக்குக் குர்ஆன் படியைச் சுமந்துவந்த ஒட்டகம் என்பர் வேறு சிலர். இக்கூற்றுகள் எவ்வாறாயினும், சிரியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய மத்ரஸாக் கட்டடங்களுள் ஒன்று அது என்பதில் ஐயமில்லை.

மத்ரஸாவில் வாழ்நாளைக் கழிப்பவனுக்கு அரங்கைவிட இக்கட்டடமே நெருக்கமானது என்றால் வாசகர் பொறுத்தருள்க. தமிழிலும் பெயர்க்கப்பட்டு நம் இல்லங்களில் இடம்பெற்றுள்ள தஃப்ஸீரின் ஆசிரியர் இமாம் இப்னு கஸீர் (ரஹ்), புஸ்ராவைச் சார்ந்த மிஜ்தல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தம் தந்தையார் புஸ்ராவின் அந்த ஒட்டகத் தலத்து மத்ரஸாவில் பயின்றதையும், பின்னர் அருகிலுள்ள ஊர்களில் கதீபாக இருந்ததையும் அல்-பிதாயாவில் அன்போடு பதிந்திருக்கிறார். நம் கடற்கரையூர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் மின்ஹாஜ் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் ஹவ்ரானின் நவா என்னும் ஊரினர்.

ஹிஜாஸில் ஒரு நெருப்பு வெளிப்படும், அது புஸ்ராவின் ஒட்டகங்களின் கழுத்துகளை ஒளிரச் செய்யும் என்னும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஹிஜ்ரீ 654இல் (கி.பி. 1256) மதீனாவுக்கருகே எரிமலை வெடித்துக் குழம்பு பரந்தது, நவவீ இதனைத் தம் காலத்து நிகழ்ச்சியாகக் குறிக்கிறார். அவ்வொளியில் தம் ஒட்டகங்களின் கழுத்துகளைக் கண்டதாக நாட்டுப்புற அரபியர் கூறினர் என்பதை, அக்காலத்தில் புஸ்ராவில் ஆசிரியராயிருந்த ஒருவர் தம் மகனுக்குச் சொல்ல, அந்த மகனிடம் தாம் கேட்டதாக இப்னு கஸீர் எழுதுகிறார். பாடம் நடத்திய ஆசிரியர், நீதிபதியான மகன், வரலாற்றாசிரியர் என மூவரும் பெயரறியப்பட்ட தொடர் இது. ‘பஹீராவின் மட’த்துக்கு இத்தகைய தொடர் எதுவும் இல்லை.

அரங்கு எவ்வாறு எஞ்சிற்று என்பதற்கு வருவோம். கூத்து நின்றுபோனபின், நாற்புறமும் தடித்த சுவர் கொண்ட அக்கட்டடம் கோட்டையாவதற்கு ஏற்றதாயிருந்தது. வாயில்கள் அடைக்கப்பட்டன, ஸல்ஜூக்கியர் காலத்தில் கோபுரங்கள் சேர்ந்தன. 1147இல் திமிஷ்க்கோடு முரண்பட்ட ஆளுநர் அல்தூன்தாஷ், ஜெரூசலத்தின் சிலுவைப் படையைப் புஸ்ராவுக்கு அழைத்தான். முயீனுத்தீன் உனுரும் நூருத்தீனும் விரைந்து வந்தமையால் படை வெறுங்கையோடு திரும்பியது. இதன்பின் 1202 முதல் 1251 வரை அய்யூபிகள் அரங்கைச் சுற்றி அகழியும் பெருங்கோபுரங்களும் எழுப்பினர். பார்வையாளர் படிகள்மீது மண்நிரப்பி, மேலே அரண்மனையும் பள்ளிவாசலும் நீர்த்தொட்டிகளும் பண்டசாலைகளும் அமைத்தனர்.

ரோம நகரங்கள் பலவற்றின் அரங்குகள் பின்வந்தோரின் கல்சுரங்கமாயின. புஸ்ராவில் அது நேரவில்லை. படைக்குப் பயன்பட்ட சுவரை எவரும் பெயர்க்கவில்லை, மண்ணுக்கடியில் கிடந்த படிகளை மழையும் வெயிலும் தீண்டவில்லை. அய்யூபிகள் ரோமச் சின்னத்தைப் போற்றிக் காத்தனர் என்று கூறுவது மிகை; அவர்கள் தம் எல்லையைக் காத்தனர், அரங்கும் உடன் காக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில், 1940களின் இறுதி முதல் 1970 வரை, மண்ணை அகற்றி ரோம அரங்கை வெளிக்கொணர்ந்தபோது படிகளின்மேல் நின்ற அய்யூபிக் கட்டடங்களும் அகற்றப்பட்டன. விளைவு அழகானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எழுநூறு ஆண்டு நின்ற ஒரு முஸ்லிம் அரண்மனையை ‘மேல்மண்’ என்று கணக்கிட்ட பார்வை எதனைப் பழமை என்று கருதியது என நாம் கேட்கவேண்டும். வெளிச்சுற்றுக் கோபுரங்கள் மட்டும் எஞ்சின.

ரோமர்காலப் பெருங்குளத்துக்குப் ‘பிர்கத்துல் ஹாஜ்’ எனப் பெயர். திமிஷ்க்கிலிருந்து புறப்படும் ஹஜ் பயணிகள் இங்கு நீர் நிறைத்துக்கொண்டனர். 1326இல் அவர்களோடு வந்த இப்னு பதூதா, பின்தங்கியோர் வந்துசேரும்பொருட்டுப் பயணக்கூட்டம் புஸ்ராவில் நான்கு நாள் தங்குவது வழக்கம் என்கிறார். 1372இல் மம்லூக் ஆளுநர் மன்ஜக் கட்டிய குளிப்பு மண்டபம் அப்பயணிகளால் வாழ்ந்தது. பின்னர் ஹஜ் வழி மேற்கே முஸைரீப் பக்கம் மாறியது. புஸ்ரா சுருங்கிச் சிற்றூராயிற்று. எஞ்சிய குடும்பங்கள் ரோமச் சுவர்களுக்கிடையிலேயே வீடு கட்டிக்கொண்டன.

1980இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. உள்நாட்டுப் போர் மூண்டபின் 2013இல் அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2015 மார்ச்சில் கிளர்ச்சிப் படைகள் ஊரைக் கைப்பற்றின; அவ்வாண்டின் இறுதியில் வான்வழிக் குண்டுவீச்சில் கோட்டையும் அரங்கும் சேதமுற்றன. 2018இல் அரசுப் படைகளிடம் திரும்பிய ஊர், 2024 டிசம்பரில் அவ்வரசும் வீழக் கண்டது. அய்யூபிகள் எந்தப் பகைக்காக அரங்கைக் கோட்டையாக்கினரோ அந்தப் பகை வந்த திசை வேறு. இம்முறை குண்டுகள் வீழ்ந்தது, மண்மூடி நீங்கித் திறந்து கிடந்த படிகளின்மீது.